ஊர் தெரியாத காசு

இயேசு நடமாடிய காலத்துக் காசு ஒன்றைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து, கீழே ஒரு வசனம் எழுதி, அசல்தான் என்று ஒரு சான்றிதழையும் சேர்த்து, முதல் நன்மை எடுக்கும் பிள்ளைக்குக் கொடுப்பது பெரிய புண்ணியம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றி வருகிறது. ரொறன்ரோவிலிருந்தோ மிலானிலிருந்தோ லீவில் வருகிற மாமாவும் சித்தியும் சொக்கலேட்டோடு இதையும் கொண்டுவருகிறார்கள். திடப்படுத்தல், கல்யாணம், பாதரின் வெள்ளி விழா என்று எதற்கும் இது பொருந்திவிடுகிறது. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்துக் காம்பராச் சுவரில் திருக்குடும்பப் படத்துக்குப் பக்கத்தில் இப்படியொன்று தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் அதைக் காட்டியபோது குரலைத் தணித்துக்கொண்டார். அவருடைய பக்தியில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இந்தப் பரிசு நல்லது என்பதைத்தான் மறுக்கிறேன்.

இதை ஆதரிப்பவர்கள் சொல்வது எனக்குத் தெரியும். காசு உண்மையானது, சட்டப்படி விற்கப்படுவது, மூட்டை மூட்டையாகக் கிடைக்கிற சாதாரணச் செம்பு, எந்த நூதனசாலையும் அதற்காக அழப்போவதில்லை. அதைவிட, பிள்ளை வேதாகமத்தையே தொட்டுப் பார்த்த மாதிரி இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அதிகம் விற்பது விதவையின் காணிக்கை என்ற பெயரில் வரும் சின்னஞ்சிறு செப்புக் காசு. ஒரு பக்கம் நங்கூரம், மறுபக்கம் எட்டுக் கதிர் நட்சத்திரம். பாதிக்கு மேற்பட்டவற்றில் இரண்டுமே தேய்ந்து போயிருக்கும். கி.மு. 103 முதல் 76 வரை யூதேயாவை ஆண்ட அலெக்சாந்தர் யன்னாய் அடித்த காசு இது. அவன் செத்து ஒரு நூற்றாண்டு கழிந்த பிறகும் கைமாறிக்கொண்டிருந்ததால், மாற்கு சொல்லும் அந்த ஏழை விதவை போட்ட இரண்டும் இந்த ரகமாக இருந்திருக்கலாம். அதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது. பிலாத்து கி.பி. 29 முதல் 31 வரை அடித்த காசு, வரிக்காசு என்ற பெயரில் திபேரியுவின் வெள்ளித் தெனாரியம், யூதாசு வாங்கிய முப்பதின் ரகம் என்ற பெயரில் தீரு நகரத்துச் சேக்கல் என்று விலை ஏறிக்கொண்டே போகும். தலைமைக் குருக்களே கோயில் கருவூலத்தில் போடக் கூசிய இரத்தப் பணத்தின் ரகத்தைத் தேடிப்பிடித்து வாங்கி, பாதருக்கு விழாப் பரிசாகக் கொடுக்கிறோம் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

சரி, எல்லாம் அசல் என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சான்றிதழை எடுத்து ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். அரசன் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும், உலோகம் இருக்கும், திருநாட்டிலிருந்து என்றுகூட இருக்கும். எந்த ஊரில், யாருடைய நிலத்தில், எத்தனை அடி ஆழத்தில், வேறு எந்தப் பொருட்களோடு சேர்ந்து கிடைத்தது என்று ஒரு வரியும் இருக்காது. ஒரு வீட்டின் தரையில் கிடந்ததா, கல்லறையில் வைத்ததா, ரோமப் படைக்குப் பயந்து ஒருவர் பானையில் போட்டுப் புதைத்ததா? அந்தக் காசு சொல்லக்கூடிய சாட்சி முழுவதும் இந்த விவரங்களில்தான் இருக்கிறது. அவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மிச்சமாகிய உலோகத்துக்கு அசல் என்று முத்திரை குத்துகிறார்கள்.

இதன் அருமையைப் புரிந்துகொள்ள எருசலேமுக்குப் போக வேண்டியதில்லை. நம் நாட்டில் கிடைத்த ரோமக் காசுகளில் மிகப் பெரும்பாலானவை கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளின் சிறு செப்புக் காசுகள். சிகிரியா, அனுராதபுரம், மாந்தை, தெற்குக் கரையோரம் என்று பல இடங்களில் கிடைத்தவை. அவற்றோடு கலந்து, பார்க்க அதே மாதிரி, ஆனால் எழுத்துக் குழம்பி, அளவும் சிறுத்த காசுகளும் நிறையக் கிடைத்தன. அவை ரோம அக்கசாலையிலிருந்து வந்தவையல்ல, சில்லறைத் தட்டுப்பாட்டுக்கு இந்தத் தீவிலேயே செய்துகொண்ட போலிகள் என்று ஆய்வாளர்கள் கண்டுகொண்டது எப்படி? இந்த மண்ணில் திரும்பத் திரும்பக் கிடைத்ததை வைத்துத்தான். அதே காசுகளை ஊர்ப்பெயர் இல்லாமல் ஒரு பெட்டியில் கொட்டி இலண்டன் கடையொன்றில் வைத்திருந்தால், கொன்ஸ்தந்தீன் காலத்துக் காசு, தேய்ந்தது, விலை குறைவு என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். அன்றைய இலங்கைச் சந்தைகளுக்குச் சில்லறை எவ்வளவு தேவைப்பட்டது என்ற செய்தி அதோடு போயிருக்கும்.

வெள்ளித் தெனாரியத்தின் கதை இன்னும் சுவையானது. பேரரசன் குளோதியுவின் காலத்தில், அன்னியு பிளோக்காமு என்பவரின் விடுதலையான அடிமை ஒருவர் காற்றில் அள்ளுண்டு தப்ரபேன் என்ற நம் தீவில் கரையேறினார் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். அவரிடமிருந்த தெனாரியங்களைப் பார்த்த தீவின் அரசன், முகங்கள் வேறுவேறாக இருந்தும் எடை ஒன்றாகவே இருப்பதைக் கண்டு ரோமரின் நேர்மையை மெச்சி, அவர்களிடம் தூதர்களை அனுப்பினானாம். இயேசு, எவருடைய உருவம் இது என்று கேட்ட அதே திபேரியுவின் முகமும் அந்தப் பணத்தில் இருந்திருக்கலாம். கதை இப்படியிருக்க, மண் சொல்வது வேறு. கொங்கு நாட்டில் வெள்ளலூரிலும் பொள்ளாச்சியிலும் பூதிநத்தத்திலும் அகுஸ்து, திபேரியு தெனாரியங்கள் குவியல் குவியலாக அகப்பட்டன. வெள்ளலூரில் 1842இல் கிடைத்த ஒரே குவியலில் 500க்கு மேல், பூதிநத்தத்தில் 1000க்கு மேல். புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்தவை 501 பொற்காசுகள், அவற்றில் பலவற்றில் அரசனின் முகத்தை உளியால் வெட்டியிருந்தார்கள். ஆனால் பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம், நம் தீவில், அந்தக் காலத்துத் தெனாரியம் மிக மிக அரிது. அங்கே அவ்வளவு நிறைவும் இங்கே இவ்வளவு வெறுமையும் ஏன் என்பதுதான் ஆய்வாளர்கள் இன்றுவரை முட்டிக்கொள்ளும் கேள்வி. தமிழகத்துத் துறைமுகங்கள் வழியாகத்தான் இலங்கைச் சரக்கு போனதா, இங்கே வந்த வெள்ளியை உருக்கிவிட்டார்களா என்றெல்லாம் விவாதம் நடக்கிறது. ஒரு காசு கிடைக்காததுகூட சாட்சியாவது, கிடைத்த இடங்களையெல்லாம் யாரோ பொறுப்பாக எழுதி வைத்ததால்தான்.

இப்போது அந்த வெறுமைக்குள் நமது பரிசுக் காசைப் போட்டுப் பாருங்கள். ரொறன்ரோ மாமா கொடுத்த தெனாரியம் மடுல்சீமையில் ஒரு லயத்துக்கு வருகிறது. சான்றிதழைப் பத்து வருடத்தில் கரையான் தின்றுவிடும். கண்ணாடி உடையும். பிள்ளை கொழும்புக்கு வேலைக்குப் போய்விடும். காசு தகரப் பெட்டியில் கிடந்து, வீடு மாறும்போது கொல்லையில் விழும். இது மண் நகர்கிற மாவட்டம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் லயங்களையும் ஆட்களையும் மலைச்சரிவு மூடியதை நாம் மறக்கவில்லை. நம் வீடுகளிலிருந்து எது எப்போது எத்தனை அடிக்குக் கீழே போகும் என்று நமக்கே தெரியாது. இன்னும் இருநூறு வருடம் கழித்து யாரோ ஒருவர் இந்தச் சரிவில் திபேரியுவின் காசைக் கண்டெடுத்தால், ஊவா மலைக்கு முதலாம் நூற்றாண்டிலேயே ரோம வணிகர் வந்தார்கள் என்று ஒரு கட்டுரை பிறக்கும். அதைப் பொய்யென்று காட்ட யாரிடமும் ஆதாரம் இருக்காது. ஆக, இந்தப் பரிசு யூதேயாவில் ஒரு சாட்சியை அழித்துவிட்டு வந்து, இங்கே ஒரு பொய்ச்சாட்சியை நட்டுவைக்கிறது. பத்துக் கட்டளைகளை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்கு இதையா கொடுப்பது?

சட்டப்படிதானே விற்கிறார்கள் என்பது அடுத்த வாதம். இஸ்ரேலின் 1978ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி, அதன் பிறகு கண்டெடுக்கும் எதுவும் அரசுக்குரியது. அதற்கு முன்பே சேகரிப்பில் இருந்ததை மட்டும் உரிமம் பெற்ற வியாபாரி விற்கலாம். படிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் விற்று முடிந்த பழைய பொருளின் பதிவிலக்கத்தில் நேற்றிரவு தோண்டிய பொருளைச் செருகுவது அந்த வியாபாரத்தின் பழைய தந்திரம். அதைத் தடுக்கத்தான் 2016இல் கணினிப் பதிவேட்டைக் கட்டாயமாக்கினார்கள். விலை குறைந்த காசுக்குத்தான் இந்த வில்லங்கமெல்லாம் என்றும் நினைக்க வேண்டாம். சீசரைக் கொன்றதைக் கொண்டாடி புரூட்டஸ் அடித்த பொற்காசு ஒன்று 2020இல் இலண்டன் ஏலத்தில் 27 இலட்சம் பவுணுக்குப் போனது. அதன் பூர்வீகம் பற்றிக் கொடுத்த தாள்கள் பொய் என்று பிறகு தெரிந்து, 2023இல் காசு கிரேக்கத்துக்குத் திரும்பியது. ரோமருக்கு எதிராக யூதர் கிளர்ந்த காலத்தில், கி.பி. 69இல் அடித்த கால் சேக்கல் வெள்ளிக்காசு ஒன்று 2002இல் திருட்டுத்தனமாகத் தோண்டப்பட்டு, நாடு நாடாகச் சுற்றி, 2022இல்தான் நியூயோர்க்கிலிருந்து இஸ்ரேலுக்குப் போனது. அசல் விவகாரத்துக்கு வந்தால், வாஷிங்டனின் வேதாகம அருங்காட்சியகம் பெருமையோடு வைத்திருந்த சாக்கடல் சுருள் துண்டுகள் 16உம் போலி என்று 2020இல் அந்த நிறுவனமே அறிவிக்க நேர்ந்தது. அத்தனை நிபுணர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளக்கூடியவர்களுக்கே இந்தக் கதி என்றால், ஒரு அட்டைச் சான்றிதழை நம்பி மாமா எதை வாங்கினாரோ!

மடுல்சீமையின் விளிம்பில் நின்று பார்த்தால் கீழே வெல்லஸ்ஸப் பக்கம் முழுவதும் தெரியும். அந்தப் பக்கம் விகாரைக் காணியிலோ பழைய தாதுகோபத்தடியிலோ இரவில் புதையல் தோண்டிய ஆட்களைப் பொலிஸ் பிடித்ததென்று அடிக்கடி செய்தி வரும். வாசிக்கிற நாம் எல்லாரும், நாசமாய்ப் போவார்கள் என்று திட்டுவோம். நியாயம்தான். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. ஆனால் அந்த ஆள் எதற்காகத் தோண்டுகிறான்? வாங்க யாரோ இருக்கிறார்கள் என்பதற்காக. யூதேயா மலைச்சரிவில் இரவில் உலோகம் தேடும் கருவியோடு அலைகிறவனுக்கும் அதே கணக்குத்தான். அவனைப் பொறுத்தவரை முதல் நன்மைப் பரிசும் ஒரு வாடிக்கைதான். இங்கே தோண்டினால் கள்ளன், அங்கே தோண்டினால் ஆசீர்வாதம் என்பது எந்த ஊர் நியாயம்?

சாதாரணக் காசுதானே, இலட்சக்கணக்கில் இருக்கிறதே என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு தரையின் காலத்தைச் சொல்வது பெரும்பாலும் இந்தச் சாதாரணச் சில்லறைதான். பொற்காசை யாரும் வீதியில் தவறவிட்டுவிட்டுப் போவதில்லை.

ஆனால் ஒரு வாதத்தை மட்டும் நான் தள்ளிவிட முடியாது. தனிச் சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் பல காசுகள் உருகிப் போயிருக்கும் என்பார்கள். உண்மை. தமிழகத்தில் கரூர் அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்கள் எடுத்த சங்ககாலக் காசுகளும் ரோமக் காசுகளும் தட்டார் உலைக்குப் போகாமல் தப்பியது, வாங்க ஆள் இருந்ததால். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் மதுரைக் காசு வணிகர் ஒருவரிடம் வாங்கிய காசுகளில்தான் பெருவழுதி என்ற பாண்டியன் பெயர் பொறித்த காசு கிடைத்தது. சங்ககாலப் பாண்டியர் பெயர் பிராமி எழுத்தில் காசிலேயே இருப்பதை அவர் வாசித்து, எழுதி, அறிஞர்கள் முன் வைத்தார். அது பெரிய தொண்டு. ஆனால் அவர் செய்ததையும் பரிசு வாங்குகிறவர் செய்வதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் படித்தார், படம் பிடித்தார், பதிப்பித்தார், விவாதத்துக்கு நின்றார். பரிசுக்காரர் சட்டம் போட்டு ஆணியில் மாட்டுகிறார். அத்தோடு, அவ்வளவு செய்த கிருஷ்ணமூர்த்தியின் காசுக்கும் ஒரு குறை உண்டு: வணிகரின் பையிலிருந்து வந்ததால் அது எந்த மண்ணிலிருந்து வந்தது என்பது போய்விட்டது. அகழாய்வுக் குழியில் கிடைத்திருந்தால் பாண்டியரின் காலத்தைப் பற்றி இன்னும் எவ்வளவு சொல்லியிருக்கும்! சேகரிப்பின் மிகச் சிறந்த உதாரணமே அதன் நட்டத்தையும் சேர்த்துக் காட்டுகிறது.

எஞ்சியிருப்பது பக்தி. பிள்ளைக்கு வேதாகமம் கிட்ட வரும் என்கிறார்கள். எந்த வேதாகமம்? வரி பற்றிக் கேட்டு மடக்க வந்தவர்களிடம் இயேசு, ஒரு தெனாரியம் கொண்டு வாருங்கள் பார்ப்போம் என்றார். கேட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது, அவர் கையில் இல்லை. விதவையின் இரண்டு காசு இத்தனை நூற்றாண்டாகப் பேசப்படுவது அவள் அவற்றை விட்டுவிட்டாள் என்பதற்காக. அவள் விட்டுவிட்டதை நாம் பிடித்து ஆணியில் மாட்டி, அவளைக் கௌரவித்ததாக நினைக்கிறோம். அதற்குச் சற்று முன்னே அதே அதிகாரத்தில், விதவைகளின் வீடுகளை விழுங்குகிற மறைநூல் அறிஞர்களை இயேசு கண்டித்ததைச் சட்டம் போட்டு விற்பவர் எவரும் இல்லை. விலையையும் பாருங்கள். தேய்ந்த ஒரு விதவைக் காசு 40 டொலர் என்றே வைத்தாலும், 2025இல் 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் கொழுந்து எடுத்த ஒரு பெண்ணுக்கு அது ஒன்பது நாள் பேர்.

பேர் என்று சொன்னதும் நினைவுக்கு வருவது, தெனாரியம் வருகிற இன்னொரு கதை. மத்தேயுவின் 20ஆம் அதிகாரம். திராட்சைத் தோட்டத்துக்காரர் விடியற்காலையில் ஆள் பிடிக்கிறார், நாளுக்கு ஒரு தெனாரியம் என்று பேசுகிறார். ஒன்பது மணிக்கும் நண்பகலிலும் இன்னும் ஆள் சேர்க்கிறார். பின்னேரம் ஐந்து மணிக்கு வந்தவருக்கும் முழுத் தெனாரியமே கொடுக்கிறார். உலகத்தில் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் இந்தக் கதை புரிவதைவிட நம் பிள்ளைக்கு அதிகம் புரியும். விடியற்காலைப் பிரட்டு, கணக்கப்பிள்ளை, நிறை குறைந்தால் அரைப்பேர், மழைக்கு வேலை நின்றால் என்ன கணக்கு என்ற சண்டை, 1,000 ரூபாய்க்காக 2015 முதல் 2021 வரை இழுபட்ட போராட்டம் எல்லாம் அதன் வீட்டிலேயே இருக்கிறது. ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் முழுப்பேர் போட்ட துரை என்று சொல்லிப் பாருங்கள், மறைக்கல்வி வகுப்பே சிரித்துவிட்டு, பிறகு வாக்குவாதத்தில் இறங்கும். காலையில் வந்தவர்கள் முணுமுணுத்தது சரிதானே என்று ஒரு பெண் பிள்ளை கேட்கும். இதற்கு மேல் வேதாகமத்தைக் கிட்ட கொண்டுவர வெள்ளித் துண்டால் என்ன செய்ய முடியும்?

பழைய பொருளைத் தொட்டால்தான் மனம் இளகும் என்பவர்களுக்கு நம் வீடுகளிலேயே ஒன்று உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து தோட்டத்துக்கு அனுப்பப்பட்ட ஆட்களுக்கு ஆளுக்கொரு தகரவில்லை கொடுத்தார்கள். மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் இலக்கம், ஆளுக்கு ஓர் இலக்கம். மனிதரைச் சரக்கு போல முகவரிக்குச் சேர்ப்பித்த வில்லை அது. அதற்கும் முன்பு, 1840களிலிருந்து கோப்பிக் கம்பனிகள் கூலிக்கணக்குக்கு வெளியிட்ட செப்பு டோக்கன்கள் இருக்கின்றன. 1895இலேயே லவுஸ்லி என்ற வெள்ளைக்காரக் கேணல் அவற்றைப் பட்டியல் போட்டுவிட்டார், இன்று அவை வெளிநாட்டு ஏலங்களில் போகின்றன. தொல்பொருள் சட்டம் 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியவற்றையே தொல்பொருள் என்பதால், நம் சனத்தின் வில்லைக்கும் டோக்கனுக்கும் அந்தப் பாதுகாப்பும் இல்லை. 2023இல் மலையகம் 200 என்று ஊர் ஊராகப் பேசினோம். பேசிய கையோடு, தகரவில்லை கிடக்கும் டப்பாவைப் போத்தல், பழைய இரும்பு வாங்க வருகிறவரிடம் நிறுத்துக் கொடுத்த வீடுகளும் உண்டு.

உடனே, அப்படியானால் தகரவில்லையைச் சட்டம் போட்டுப் பரிசு கொடுக்கலாமே என்று யாராவது கிளம்புவார்கள். கூடாது. அதே தவறை உள்ளூர்ச் சரக்கில் செய்வதாகும் அது. வில்லை உங்கள் வீட்டில் இருந்தால் அது உங்கள் பாட்டனாருடையதா, எந்தத் துறையிலிருந்து எந்தத் தோட்டத்துக்கு வந்தார், எந்த லயத்தில் இருந்தார் என்று தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி, அதோடு சேர்த்து வையுங்கள். வைத்திருக்க வசதியில்லை என்றால் கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கு அந்த எழுத்தோடு கொடுக்கலாம். நல்ல விலை தருகிறேன் என்று வருகிறவரிடம் விலை பேசாமல் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடலாம்.

ஏற்கெனவே சுவரில் தொங்கும் யூதேயாக் காசை இனி என்ன செய்வது என்று அந்தக் காம்பராக்காரர் என்னிடம் கேட்டார். தூக்கி எறிய வேண்டாம், விற்கவும் வேண்டாம், எந்த ஆண்டு யார் எந்த நாட்டில் எந்தக் கடையில் வாங்கியது என்று சட்டத்தின் பின்பக்கம் அழியாத மையில் எழுதுங்கள், இது மடுல்சீமை மண்ணில் கிடைத்ததல்ல என்றும் எழுதுங்கள் என்றேன். அடுத்த முறை மாமா அழைப்பு எடுத்து என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டால், அந்தப் பணத்தைப் பிள்ளையின் ஓ.எல். ரியூஷனுக்கு அனுப்பச் சொல்லலாம்.